உளோம், போகீர்

அன்புள்ள தோழருக்கு,

தோழர் என்று கூப்பிட்டால்தான் நீ திரும்பிப் பார்ப்பாய் என்பது ஹாஸ்டல் காலத்திலிருந்தே தெரியும். அதனால் அப்படியே தொடங்குகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், கோடுதான் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. போனில் பேசிவிட்டால் என்ன என்று வீட்டில் கேட்கிறாள். போனில் என்றால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த விஷயத்தை நான்தான் பேச வேண்டும்.

முதலில் கண் சமாசாரம். வலது கண்ணில் பார்வை போனது போனதுதான். கண் அழுத்த நோய். வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. படியில் தடுக்கினால் வயசாகிவிட்டது என்று நினைத்தேன். வண்டியில் போகும்போது வலப்பக்கம் ஆட்கள் திடீர் திடீரென்று முளைத்தார்கள், அவர்களைத் திட்டினேன். நடுவில் இரண்டு தடவை கண்ணாடிக்கடையில் பவரை மாற்றிக் கொடுத்தார்கள். அழுத்தம் பார்த்தீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது பார்க்கிற டாக்டர் நல்ல மாதிரி. "போனது திரும்பாது சார், இருக்கிறதைக் காப்பாத்தலாம்" என்று நேராகச் சொல்லிவிட்டார். இடது கண்ணுக்கு ராத்திரி ஒரு சொட்டு மருந்து, ஆயுசு பூராவும். அந்தக் கண்ணில் புரையும் விழுந்திருக்கிறது. பொங்கல் கழிந்து ஆபரேஷன்.

இதைக் கேள்விப்பட்டு ஆறுதலாக ஒரு வார்த்தை எழுதாமல் பாட்டை அனுப்பி வைத்தாய் பார், அதுதான் நீ. 1962-ல் வந்த 'பார்த்தால் பசி தீரும்' படத்துப் பாட்டு. கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடியது. 'உண்டென்றால் அது உண்டு, இல்லையென்றால் அது இல்லை' என்ற இடத்துக்காகத்தான் அனுப்பினாய் என்று தெரியும். கடவுள் இல்லை என்று ஒரு தடவை சொல்லித்தான் பாரேன், குடியா முழுகிவிடும் என்கிறாய். அந்த மனுஷனே ஒரு காலத்தில் இல்லை என்று மேடை மேடையாகச் சொல்லிவிட்டு அப்புறம் உண்டு என்று புத்தகம் புத்தகமாக எழுதியவர். ஆனால் நான் அதே பாட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுவிட்டேன். நண்பனும் பகைபோல் தெரியும் என்று வருகிறதே, அங்கே. மூன்றாம் வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு நான் ஜன்னலில் வைத்த களிமண் பிள்ளையாரை நீ நகர்த்திவிட்டு உன் சவரக் கண்ணாடியை வைத்தாய். ஏழு மாதம் பேசாமல் இருந்தேன். ஒரே அறை, ஒரே வாளி. வாளி காலியா என்று கேட்கக்கூட மூன்றாவது ஆளைப் பிடிப்பேன்.

அந்த நாளில் நீ சிவவாக்கியரைச் சொல்லித்தான் என்னை மடக்குவாய். 'நட்ட கல்லும் பேசுமோ' என்று நிறுத்திவிட்டு ஜெயித்த முகத்தோடு சிரிப்பாய். அதே வரியின் மிச்சம் 'நாதன் உள்ளிருக்கையில்'. நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பாதி வரியை விழுங்கிக்கொண்டே வந்திருக்கிறாய். சரி, நானும் என் பங்குக்கு விழுங்கியவன்தான்.

அம்மா விளக்கு வைத்ததும் 'பொன்னார் மேனியனே' பாடுவாள். லீவுக்கு வந்தபோது நீயும் திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு கேட்டிருக்கிறாய், அது முடிந்ததும் வரப்போகிற அடைக்காக. எனக்குச் சுந்தரர் என்றால் அந்த ஒரு பாட்டுத்தான். 'உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே' என்று உருகுகிற பாட்டு. அதே ஆள் சாமியிடம் சண்டைக்கு நின்று பாடியதெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் பாடியதில்லை. எந்த வீட்டில்தான் பாடுவார்கள்? விளக்கை ஏற்றி வைத்துவிட்டு 'நீரே நன்றாக வாழ்ந்துவிட்டுப் போம்' என்று யார் சொல்வார்கள்?

கண் போன பிறகு மூன்று மாதம் பூஜை அறைப் பக்கம் நான் போகவில்லை. கோபம் என்று வீட்டில் நினைத்தார்கள். கோபமாக இருந்திருந்தால் தேவலை. கோபப்படுவதற்கு எதிரே ஒருவர் வேண்டுமே. படத்தைப் பார்த்தால் கண்ணாடிச் சட்டம் தெரிந்தது, அதில் ட்யூப்லைட் தெரிந்தது, அவ்வளவுதான். உன்னிடம் சொன்னால் கை தட்டுவாய் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிடிவாதமாகப் பூண்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள். திருவள்ளூரிலிருந்து கொஞ்ச தூரம்தான். கண்ணுக்காக வேண்டிக்கொள்கிறவர்கள் போகிற கோயில். ஊன்றீஸ்வரர் என்று பெயர். சுந்தரர் தேவாரத்தில் வருகிற திருவெண்பாக்கம் அதுதான், ஆனால் இருந்த இடம் அதுவல்ல. 1944-ல் மெட்ராஸுக்குக் குடிநீருக்காகக் கொசஸ்தலையாற்றில் அணை கட்டியபோது பழைய இடம் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. சாமியைப் பெயர்த்துக் கொண்டுவந்து கரைப்பக்கம் கட்டினார்கள். ரெவின்யூவில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? சாமிக்கே நில ஆர்ஜிதம். மாற்று இடம் கொடுத்திருக்கிறார்கள், பரவாயில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உனக்குப் புராணம் ஆகாது. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கட்டிக்கொள்ளும்போது உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். அதிலும் ஒரு தில்லுமுல்லு. 'சத்தியம் செய்யும்போது நீ சன்னதியில் இருக்காதே, மகிழ மரத்தடியில் போய் இரு' என்று சாமியிடம் ஏற்பாடு செய்துகொள்கிறார். சாமி அந்தப் பெண்ணிடம் போய் 'மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு' என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார். அப்புறம் திருவாரூர் ஞாபகம் வருகிறது. ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போனது. தட்டுத் தடுமாறி வெண்பாக்கத்துக்கு வந்து சேர்கிறார்.

அங்கே பாடிய பதிகம் ஒரு சின்னப் புத்தகத்தில் இருந்தது. என்னால் படிக்க முடியவில்லை, அவள் படித்தாள். அவளுக்கு ராகமெல்லாம் வராது. மளிகைச் சீட்டைப் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அதுதான் நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். ஓதுவார் யாராவது பண்ணோடு பாடியிருந்தால் நான் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருப்பேன். இது பேச்சாகக் காதில் விழுந்தது.

பிழையுளன பொறுத்திடுவர் என்றடியேன் பிழைத்தக்கால்
பழியதனைப் பாராதே படலமென்கண் மறைப்பித்தாய்
குழைவிரவு வடிகாதா கோயிலுளாயே என்ன
உழையுடையான் உள்ளிருந்து உளோம்போகீர் என்றானே.

தப்பு செய்தால் பொறுத்துக்கொள்வாய் என்ற தைரியத்தில் தப்பு செய்தேன். உனக்குக் கெட்ட பேர் வருமே என்றுகூடப் பார்க்காமல் என் கண்ணைப் படலம் போட்டு மூடிவிட்டாய். இதுவரைக்கும் சரி. அதற்கு அடுத்த கேள்விதான் என்னை உட்கார வைத்துவிட்டது. 'கோயிலுக்குள் இருக்கிறாயா?' கேட்கிறவன் யாரென்று பார். தம்பிரான் தோழன், சாமிக்கே சிநேகிதன் என்று பேர் வாங்கியவன். கல்யாணத்தன்று சாமியே வந்து, நீ என் அடிமை என்று ஓலையைக் காட்டி ஆட்கொண்ட ஆள். அவன் கேட்கிறான், இருக்கிறாயா என்று. பதிலும் வருகிறது: 'இருக்கிறோம், போங்கள்.'

"உள்ளே உட்கார்ந்துக்கிட்டே இப்படியா சொல்லுவாரு?" என்று புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள் அவள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். என்னுடையது.

தாலுகா ஆபீஸில் என் சீட் உதவித்தொகைப் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தது. கம்பி வலை போட்ட ஜன்னல். வெளியே வெயில், உள்ளே இருட்டு. வெளியே நிற்பவர்களுக்கு உள்ளே இருப்பவன் முகம் தெரியாது. "சார் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்கள். தலையைத் தூக்காமல் "இருக்கோம், போங்க, கூப்பிடுவோம்" என்போம். ஒற்றை ஆள்தான் உட்கார்ந்திருப்பேன், ஆனால் எப்போதும் 'ஓம்'தான். உளோம் என்பதும் அந்த 'ஓம்'தானே? ஒரு கிழவி முதியோர் உதவித்தொகை மனுவோடு வந்துகொண்டே இருந்தாள். மஞ்சள் பைக்குள் ரேஷன் கார்டு, அதைச் சுற்றி ரப்பர் பேண்ட். வலையில் நெற்றியை ஒட்டிக்கொண்டு "உள்ள யாராச்சும் இருக்கீங்களா சாமி?" என்பாள். வி.ஏ.ஓ. அறிக்கை வரவில்லை. நானும் கேட்டு எழுதவில்லை. "இருக்கோம், போம்மா, அடுத்த வாரம் வா." எத்தனை வாரம் என்று ஞாபகம் இல்லை. அவளுக்கு ஆர்டர் கிடைத்ததா என்று கோயிலில் உட்கார்ந்து யோசித்தேன், வீட்டுக்கு வந்தும் யோசித்தேன். ஞாபகம் வரவே இல்லை.

வெண்பாக்கத்துச் சாமியாவது ஒரு ஊன்றுகோல் கொடுத்தார். கண் கேட்டவனுக்குக் கோல். கோபத்தில் சுந்தரர் அதை வீசியெறிய, நந்தியின் கொம்பில் பட்டு உடைந்தது என்று கோயிலில் சொல்கிறார்கள். அங்கே நந்திக்கு ஒரு கொம்பு முறிந்துதான் இருக்கிறது. நான் இடது கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். நீ சொல்லப்போவது தெரியும்: கல் உடைந்தது முதலில், கதை வந்தது அப்புறம். இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்வாய். கேள்வியும் சுந்தரர் பாடியது, பதிலும் சுந்தரர் பாடியது, உள்ளேயிருந்து ஒருவர் பேசினார் என்பதற்கு என்ன சாட்சி என்பாய். நானும் அதை நினைக்காமல் இல்லை. ஆனால் இதற்குப் பதில் சொல். பாடுகிறவன் கையில்தானே எழுத்தாணி இருக்கிறது? சொந்தமாகக் கட்டியதென்றால் இன்னும் நல்ல பதிலாகக் கட்டியிருக்க மாட்டானா? 'அஞ்சாதே மகனே' என்று ஒரு வரி போட எவ்வளவு நேரம் ஆகும்? அதை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் பாட்டு 'உளோம் போகீர்' என்றே முடிக்கிறான். ஒரு பாட்டில் 'ஒன்னலரைக் கண்டாற்போல்', அதாவது விரோதியைப் பார்த்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார் என்று குரலின் தொனியைக்கூடப் பதிவு செய்கிறான். இது சாட்சி ஆகாது, கோர்ட்டில் நிற்காது. ஆனால் ஆறுதலுக்காகப் பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று மட்டும் எனக்குப் பட்டது. அப்படிப்பட்டவன் சொன்னால் கொஞ்சம் காது கொடுக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மற்ற பதிகங்களையும் அவளைப் படிக்கச் சொன்னேன். காஞ்சிபுரத்தில் இடது கண் கிடைக்கிறது. திருவாரூரில் வலது கண்ணைக் கேட்டுப் பாடுகிறார். தோழரே, தொனி மாறுவதைக் கவனி. இரண்டு கண்ணும் இல்லாதபோது 'பிழைத்தக்கால்' என்று தப்பை ஒத்துக்கொண்டவர், ஒரு கண் வந்ததும் 'குற்றம் ஒன்றும் செய்ததில்லை கொத்தை ஆக்கினீர்' என்கிறார். நான் ஒன்றுமே செய்யவில்லை, என்னைக் குருடாக்கிவிட்டீர்! மகிழ மரம், சத்தியம் எல்லாம் எங்கே போயிற்று? படித்துக்கொண்டிருந்தவளே நிறுத்திவிட்டு "பொய்யி" என்றாள். 'மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால் வாழ்ந்து போதீரே' என்று முடிகிறது. இன்னொரு கண்ணைத் தராவிட்டால் நீரே நன்றாக இருந்துகொள்ளும். எங்கள் அத்தை சொத்துத் தகராறில் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாளே, அதே வாக்கியம். அத்தை அடுத்த பொங்கலுக்குப் பானையோடு வந்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

சுந்தரருக்கு வலது கண்ணும் கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்காது, டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் காஞ்சிபுரத்தோடு நிற்கிற ஆள். அதனால் கடைசிப் பதிகத்தை என்னால் முழுசாக என் பாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வெண்பாக்கத்துப் பாட்டுத்தான் என் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது.

ராத்திரி மருந்து விட்டதும் மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டு இரண்டு மூன்று நிமிஷம் கண்ணை மூடியிருக்க வேண்டும். சொட்டு சரியாக விழுகிறதா என்று எனக்குத் தெரியாது, அவள்தான் விடுகிறாள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்து, ஜில்லென்று இறங்கும். அந்த நேரத்தில் முன்பெல்லாம் ஏதாவது ஸ்லோகம் முணுமுணுப்பேன். இப்போது கேள்வியை மட்டும் கேட்கிறேன், கோயிலுளாயே என்று. பதில் ஒன்றும் வந்ததில்லை. ஆனால் மூன்று மாதம் கேட்பதற்கே வாய் வராமல் இருந்தவன். பூஜை அறையில் விளக்கு அவள்தான் ஏற்றுகிறாள், நான் திரி போட்டுக் கொடுக்கிறேன். இதை வைத்து நான் திரும்பிவிட்டேன் என்றும் நினைக்காதே, உன் பக்கம் வந்துவிட்டேன் என்றும் நினைக்காதே.

அப்புறம், உன் பேத்தி கல்லூரியில் சேர்ந்த விஷயத்தை நீ எழுதவே இல்லை, வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. என்ன படிப்பு? நம் பக்கத்தில் மழை இந்த வருஷம் பரவாயில்லை. முருங்கை மரம் காற்றில் விழுந்தது, நட்ட கொம்பு துளிர்த்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து நான்கு நாள் இரு. பேப்பர் படித்துக் காட்ட ஆள் வேண்டும். தலையங்கத்தை நீ படித்தால் உன் கருத்தையும் சேர்த்துப் படிப்பாய், தெரிந்துதான் கூப்பிடுகிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ உண்டு. வாசல் பெல் ரிப்பேர், இன்னும் ஆள் வரவில்லை. கேட்டைத் தட்டிக் குரல் கொடு. உள்ளேதான் இருப்பேன்.

உன்
பழைய அறைவாசி