பெரியப்பாவின் புளுகுகளைக் காப்பாற்றியவர்களுக்கு

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

எங்கள் பெரியப்பாவின் வேடிக்கைக் கதைகள் ஒருவழியாக அச்சேறிவிட்டன. அவர் குரலும் பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது. கைகொடுத்தவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொன்ன நன்றி போதாது என்பதால் இந்த மடல்.

முதல் நன்றி மாடி வீட்டு மராத்தி ஆஜிக்கு, அதாவது பாட்டிக்கு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் சாதாரண மழைக்கே தண்ணீர் நிற்கும். அன்று எங்கள் தரைத்தள வீட்டில் கட்டில்வரை ஏறிவிட்டது. நாங்கள் அரிசியையும் ரேஷன் கார்டையும் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த கேசட் பெட்டியை மாடிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். உள்ளே பக்திப் பாடல்கள் இருப்பதாக நினைத்தாராம். இருந்தவை பெரியப்பாவின் புளுகுகள் என்று இப்போதுதான் அவரிடம் சொன்னோம்.

மஸ்கட்டிலிருந்து அத்தான் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில், அதாவது ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த பெட்டியில், பதிந்தவை அவை. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் நாடா மெல்லியது. போதாததற்குப் பூஞ்சை வேறு. லேமிங்டன் சாலையில் பழுதுபார்க்கும் பெரியவர் ஒவ்வொன்றையும் பிரித்து, நாடாவைத் துடைத்து, வேறு கூட்டுக்குள் மாற்றி, கணினியில் ஏற்றித் தந்தார். இதில் குறுக்குவழி கிடையாது. தொண்ணூறு நிமிடப் பேச்சுக்குத் தொண்ணூறு நிமிடமும் ஓடவிட வேண்டும். தமிழ் ஒரு சொல்லும் அறியாத மனிதர், எங்கள் வீட்டார் சிரித்த இடங்களிலெல்லாம் தாமும் சிரித்தார்.

அத்தைக்கு நன்றி சொல்வது கொஞ்சம் ஆபத்தான காரியம். பம்பாயின் கடைசி டிராம் 1964 மார்ச் 31 இரவு போரிபந்தரிலிருந்து தாதருக்கு ஓடியது. அதில் தொங்கிக்கொண்டே வந்ததாகப் பெரியப்பா சாதிப்பார். டிக்கெட் எங்கே என்று கேட்டால், நடத்துநர் துக்கத்தில் காசே வாங்கவில்லை என்பார். தன் அண்ணனான பெரியப்பாவுக்கு ஏற இடமே கிடைக்கவில்லை, டிராமின் பின்னாலேயே நடந்து செருப்பறுந்து வந்தார் என்பது அத்தையின் கட்சி. "அறுந்த வாருக்கு ஊக்கு குத்திக் கொடுத்தவளே நான்தான்" என்று சாட்சியும் சொல்கிறார். நான் தீர்ப்பு எழுதவில்லை. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் போட்டுவிட்டேன். சண்டையை எடுத்துவிட்டால் பாதிச் சிரிப்பு போய்விடும்.

ஒலியைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தவள் என் அண்ணன் மகள். பெரியப்பாவின் இருமலைக்கூட விடவில்லை.

தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோன கதையை அச்சிட அனுமதித்த சம்பந்தி மாமாவுக்குத் தனி நன்றி. ரசம் மிச்சமிருந்தது என்பதையும் சேர்க்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை விதித்தார். சேர்த்தாயிற்று.

பிரதிகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. வரும்போது உங்கள் பரணில் பழைய கேசட் ஏதேனும் கிடந்தால் எடுத்துவாருங்கள். லேமிங்டன் சாலைக்கு நானே அழைத்துப்போகிறேன்.

இப்படிக்கு,
பெரியப்பாவின் தம்பி மகன்