பொகவந்தலாவை வரலாற்று நடை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்கு வரும் பஸ்ஸில் எப்போதாவது ஒரு வெளிநாட்டுப் பயணி ஏறி, புனித மரியாள் தேவாலயம் எங்கே என்று கேட்பார். நாம் கையைக் காட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அவர் தேடி வருவது அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஜூலியா மார்கிரட் கமரனை. விக்டோரியா மகாராணி காலத்துப் புகைப்படக் கலைஞர்களில் முன்வரிசையில் வைத்துப் பேசப்படும் பெண் அவர்.

பள்ளிக்கூடத்தில் கோல்புரூக் - கமரன் சீர்திருத்தத்தை, அதாவது ஆங்கிலேயர் காலத்து இலங்கை ஆட்சிச் சீர்திருத்தத்தை, மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்தக் கமரனின் மனைவிதான் இவர். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில்தான் தொழிலைத் தொடங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டில் கோழிக்கூட்டைப் படமெடுக்கும் அறையாகவும் கரிக்கொட்டகையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். கண்ணாடித் தட்டில் இரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். எதிரே உட்கார்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையக்கூடாது. டார்வினும் கவிஞர் டெனிசனும் அப்படி உட்கார்ந்தவர்கள்தான்.

அந்த வீட்டின் பெயர் டிம்போலா. இங்கே டிம்புளவில் அவர்களுக்கு இருந்த தோட்டத்தின் பெயரைத்தான் அங்கே சூட்டினார்கள். 1990களில் அந்த வீட்டை இடிக்கப் பார்த்தபோது சிலர் ஒன்றுகூடிக் காப்பாற்றினார்கள். இன்று அது ஓர் அருங்காட்சியகம். நம் மலையின் பெயரைத் தாங்கிய வீட்டைக் கடல் கடந்து காப்பாற்றியிருக்கிறார்கள். பெயர் புறப்பட்ட இந்தப் பக்கத்தில் நாம் ஒரு பலகைகூட வைக்கவில்லை.

கமரன் தம்பதியர் 1875 இல் இலங்கைக்கு வந்தார்கள். கோப்பித் தோட்டங்களை இலைநோய் தின்றுகொண்டிருந்த காலம் அது. 1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாவின் கிளென்கேன் தோட்டத்தில் அம்மையார் இறந்தார். வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டியில் உடல் பொகவந்தலாவைக்கு வந்ததாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு கணவரும் பக்கத்திலேயே அடக்கமானார்.

இவ்வளவும் அந்தப் பயணிகளுக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் இருப்பது வேறு.

1878 இல் அம்மையார் எடுத்த ஒரு படம். களுத்துறைக் குடியானவர்கள் என்பது அதன் தலைப்பு. படத்தில் ஒரு சிறுமியும் ஒரு முதியவரும் இருக்கிறார்கள். சிறுமிக்கு 12 வயது, முதியவர் தன்னை அவளுடைய தகப்பன் என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்று அம்மையார் எழுதிவைத்திருக்கிறார். வயதைக் கேட்டு எழுதியவர் பெயரை எழுதவில்லை. டார்வினுக்குப் பெயர் உண்டு, இந்தச் சிறுமிக்கு இல்லை. இன்னொரு கதையும் உண்டு. 1877 இல் களுத்துறையில் கமரன் தம்பதியரின் வீட்டுக்கு வந்து தங்கிய ஓவியர் மரியான் நோர்த் எழுதியது: அம்மையாருக்கு ஒரு வேலையாளின் முதுகழகு பிடித்துப்போக, அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் பிடிவாதம் பிடித்தாராம். வீட்டில் தோட்டமே கிடையாது! சிரிப்பு வருகிறது. அந்த முதுகுக்காரருக்கும் பெயர் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

படத்தில் பெயரில்லாமல் நின்றவர்களைப் பற்றி, தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்திலும் வரிசை வீடுகளான லயத்திலும் வளர்ந்த நம் பிள்ளைகள் தமிழில் பேச வேண்டும். அதற்காகத்தான் மாதம் இருமுறை, நகரத்தில் தொடங்கி தேவாலயத்தில் முடியும் வழிகாட்டி நடையை ஆரம்பிக்கிறோம். பயணிகள் வந்தால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்வோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

ஒத்திகையாக ஒருமுறை நடந்து பார்த்தோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரணத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோன படங்கள் கையிலேயே ஊறிக் கூழாகிவிட்டன. இந்த ஊரில் மழையைக் கணக்கில் எடுக்காமல் புறப்பட்டது எங்கள் தவறுதான்.

ஆகவே நனையாத 12 படத்தட்டிகளுக்கு ரூபா 60,000. மும்மொழியில் நான்கு பலகைகளுக்கு ரூபா 160,000. வழிகாட்டும் நான்கு இளைஞர்களுக்கு ஆளுக்கு மாதம் 4,000 வீதம் முதல் ஆறு மாதப் படி ரூபா 96,000. மொத்தம் ரூபா 316,000. குழு உறுப்பினர்கள் போட்டதும் தீபாவளி முற்பணத்திலிருந்து சிலர் தந்ததுமாக 74,000 சேர்ந்திருக்கிறது. இன்னும் 242,000 தேவை. பலகைகள் எல்லாம் நகரத்திலும் வழியிலும்தான் நிற்கும். கல்லறையருகே எதையும் நட்டுவைக்க மாட்டோம், அது வழிபாட்டிடம்.

நூறு ரூபாவாக இருந்தாலும் குழுவின் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரிலுள்ள உறவினர் மூலம் அனுப்பலாம். வரவுசெலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசிகசாலைச் சுவரில் ஒட்டுவோம். பணம் தர முடியாதவர்கள் பாட்டன் பூட்டன் பெயரையும், அவர்கள் எந்தத் தோட்டத்தில் எந்தக் கங்காணியின் கீழ் இருந்தார்கள் என்பதையும் எழுதித் தந்தால், அதையும் நன்கொடையாகவே பதிவுசெய்வோம்.

இப்படிக்கு,
நடை ஏற்பாட்டுக் குழு