மீட்டர் பொய் சொல்லாது, ஆனால்…

அன்பு மகளுக்கு,

நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் வேலை பழகியிருக்கும். "ஈரப்பத மீட்டர் காட்டுவதைத்தான்பா எழுதுறேன்" என்று போனில் சொன்னாய். உண்மைதான். ஆனால் நேர்மை அதற்கு முன்னாலேயே, நெல் குவித்த அம்பாரத்தில் கை வைக்கும் இடத்தில் தொடங்கிவிடுகிறது.

குறுவை நெல் மேலாக வெயில் பட்டு 16 சதவீத ஈரம் காட்டும். அதே அம்பாரத்தின் அடியில் 19 இருக்கும். வேண்டியவருக்கு மேலே அள்ளலாம், வேண்டாதவருக்கு அடியில் கை விடலாம். இரண்டிலும் நீ எழுதியது மீட்டர் காட்டியதுதான்; ஒருத்தரும் குற்றம் சொல்ல முடியாது. அதனால் ஆளைப் பார்க்காமல் மேல், நடு, அடி என்று ஐந்தாறு இடத்தில் அள்ளிக் கல. நிழலில் ஆறவிடு, சூட்டோடு வைத்தால் அளவு பிசகும். மூன்று முறை வைத்துச் சராசரி எடு. விவசாயியையும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல். ஈர வரம்பு 17 சதவீதம், அதைத் தளர்த்தி அரசு ஆணை வந்தால் நகலைச் சுவரில் ஒட்டிவிடு.

இரண்டு சதவீதம்தானே என்று விட்டுவிடாதே. 19 ஈரத்தில் வாங்கிய 40 கிலோ சிப்பம், அதாவது மூட்டை, 17க்குக் காய்ந்தால் ஏறக்குறைய 1 கிலோ போய்விடும். அந்த எடை இழப்பு உன் தலையில்தான் விடியும். அதைச் சரிக்கட்ட அடுத்தவர் சிப்பத்தில் ஒரு கிலோ கூட அள்ளிப் போடச் சொல்லுவார்கள். பட்டியலில் 40 என்றுதான் இருக்கும். அதுவரை இல்லாத பொய் அங்கேதான் பிறக்கிறது, அதுவும் முன்பின் தெரியாத ஒருத்தர் வயிற்றில் அடித்து.

தராசு சமதளத்தில் இருக்கணும். காலையில் முத்திரை போட்ட 20 கிலோ படிக்கல்லை நான்கு மூலையிலும் வைத்துப் பார். காலிச் சாக்கே அரைக் கிலோவுக்கு மேல் வரும், நனைந்தது இன்னும் கூடும். சாக்குக் கட்டு மாறும்போதெல்லாம் காலிச் சாக்கை நிறுத்துக் கழி. கரண்ட் போய் வந்தால் மறுபடி பூஜ்யம் பார்.

சிட்டா, அடங்கல் எல்லாம் சரியாகவே இருக்கும். 2 ஏக்கர் குறுவைக்கு 300 சிப்பம் வந்து இறங்கும். காகிதம் பொய்யில்லை, ஆனால் நெல் விவசாயி பெயரில் வியாபாரி கொண்டுவந்தது. அங்கே பட்டியல் போடாதே, மேலே எழுதித் தெரிவி.

ஐப்பசி மழைக்குள் தார்ப்பாயை எண்ணி வாங்கி வை. கிழிந்ததை அன்றைக்கே மாற்றித் தரக் கேள். மழை பிடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

அப்பா