ஆற்றுப்படுகையின் பசுமையைப் பதிவு செய்ய நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

நம் ஆற்றுப்படுகையில் எந்தச் செடி பெருகுகிறது, எந்த மரம் குறைகிறது என்பதை ஆண்டுதோறும் தரையில் நடந்து பதிவு செய்யும் வேலைக்காக உங்களிடம் நன்கொடை கேட்டு வருகிறோம்.

"செயற்கைக்கோள்தான் எல்லாவற்றையும் காட்டுகிறதே, அப்புறம் எதற்குப் பணம்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972 முதல் பூமியைப் படம் எடுக்கிறது; 2008 முதல் அந்தப் படங்கள் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களுக்கும் காசு இல்லை. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்பும். இந்த வித்தியாசத்தை வைத்து எங்கே எவ்வளவு பசுமை என்று கணக்கிடலாம். ஒரே பருவத்துப் படங்களைத்தான் ஒப்பிட வேண்டும், அவ்வளவே. மழைக்குப் பிந்தைய படத்தையும் கோடைப் படத்தையும் பக்கத்தில் வைத்து "காடே போச்சு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெங்காயத்தாமரை நீரை மூடினாலும் அந்தக் கணக்கில் பசுமை கூடும். கரையில் மரம் தழைத்தாலும் கூடும். மணல்திட்டைப் பாருங்கள். வெள்ளம் வடிந்த புது மணலில் முதலில் புல்லும் சிறு பூண்டுகளும் வரும், பிறகு நாணல், அதன் வேர் வண்டலைப் பிடித்த பின் புதரும் மரமும். அடுத்த பெருவெள்ளம் துடைத்துப்போட்டால் மறுபடி புல்லிலிருந்து தொடங்கும். மேலே அணை கட்டி வெள்ளம் அடங்கிவிட்டால் துடைப்பது நின்று, புதர் நிலையாகக் குடியேறிவிடும். படத்தில் பசுமை கூடியிருக்கும். ஆறு சுருங்கிப்போனதும் அதே படத்தில்தான் இருக்கும், ஆனால் பசுமைக் கணக்கு அதைச் சொல்லாது.

அதனால் தலைப்பகுதி முதல் முகத்துவாரம் வரை நிரந்தரக் கட்டங்கள், அதாவது ஆண்டுதோறும் அளப்பதற்காக எல்லை குறித்த நிலத்துண்டுகள், அமைக்கப்போகிறோம். மரங்களுக்கு எண் தகடு அடித்து, மார்பளவு உயரத்தில் சுற்றளவு எடுப்போம். பெயர் தெரியாத செடியைப் பூவோடு பறித்து, செய்தித்தாளுக்குள் அழுத்தி, தாவரவியல் அறிந்தவரிடம் காட்டுவோம். ஒவ்வொரு கட்டத்தையும் அதே மூலையில் நின்று, அதே திசையில் படமெடுப்போம்.

நன்கொடையில் பெரும்பகுதி களப்பணியாளர் கூலிக்கும் பயணத்துக்கும் போகும். மீதி அளவுநாடா, தகடு, ஜிபிஎஸ் கருவிக்கு. ஓராண்டு வேலையாக இருந்தால் நாங்களே சமாளித்திருப்போம்; மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் வேண்டும், இடையில் ஓர் ஆண்டு விட்டாலும் அந்த ஆண்டை மறுபடி அளக்க முடியாது. எனவே ஒரே தடவை பெரிய தொகை தருவதைவிட ஆண்டுதோறும் சிறிய தொகை தருவது எங்களுக்கு உதவி.

வரவு செலவும் அளவுப் பதிவுகளும் யார் கேட்டாலும் காட்டப்படும். பணம் கொடுத்தால் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குழுவினர்