கல்லூரி மாணவர் ஐக்கியம், யாங்கோன்: செயலாளரின் ஆண்டறிக்கை

அன்பான போதகர்களே, சபைப் பெரியவர்களே, அண்ணன்மாரே, அக்காமாரே, கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் ஆண்டவரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

செயலாளர் அறிக்கை என்றால் எத்தனை கூட்டம் நடந்தது, யார் செய்தி கொடுத்தார், யார் வீட்டில் சாப்பாடு என்றுதான் வழக்கமாகப் போகும். அதெல்லாம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் வாங்கிப் பார்க்கலாம். போன பொதுக்கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "சபையில் வாலிபர் கூட்டம் இருக்கிறதே, கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று தனியாக இது எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பணிக்குழு வருடம் முழுக்க அதைத்தான் பேசியது, அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்கே போகிறது.

நம் பிள்ளை ஒருத்தி பத்து வருடம் ஓய்வுநாள் பள்ளிக்குப் போகிறாள், வசனம் மனப்பாடம், கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதன் வேஷம், எல்லாம் சரி. அப்புறம் ஒருநாள் டகோன் பல்கலைக்கழகத்திலோ தன்லியன் பக்கமோ இடம் கிடைத்துப் போகிறாள். வகுப்பில் பர்மியர், கரேன், சின், பௌத்தர், இந்து, முஸ்லிம் என்று எல்லோரும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவளிடம் அங்கே கேட்கப்படும் கேள்வியை சபையில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. போதகர் அந்த வளாகத்துக்குள் போக முடியாது, போனாலும் வெளியாள்தான். பிள்ளை ஏற்கெனவே உள்ளே இருக்கிறாள். ஆகவே அந்தப் பெரியவருக்கு எங்கள் பதில் இதுதான்: கல்லூரி ஊழியத்தில் ஊழியக்காரர் மாணவரே. பெரியவர்கள் ஜெபிப்போம், கற்றுக்கொடுப்போம், வீட்டைத் திறந்துவிடுவோம், கேட்டால் ஆலோசனை சொல்வோம். நடத்துவது அவர்கள்.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. பல நாட்டு மாணவர் இயக்கங்கள் சேர்ந்து உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தை 1895-ல் சுவீடனில் வாட்ஸ்டேனா என்ற ஊரில் தொடங்கினார்கள். 1947-ல் ஐ.எஃப்.இ.எஸ். என்ற சர்வதேச சுவிசேஷ மாணவர் அமைப்பு உருவானபோதும் அந்தந்த நாட்டு மாணவர்களே தங்கள் வேலையை நடத்த வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். இந்தியாவில் 1954-ல் வந்த யு.ஈ.எஸ்.ஐ. என்ற சுவிசேஷ மாணவர் ஐக்கியம் வழியாக வளர்ந்தவர்கள் நம் சொந்தக்காரர்களிலேயே இருக்கிறார்கள், ஊரில் போய்க் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால், நம் கையில் இருக்கும் பர்மிய, தமிழ் வேதாகமங்களின் தொடக்கமே படிப்பு முடிந்தும் முடியாத வயதுப் பிள்ளைகளால் வந்தது. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, 1810-ல், எங்களை வெளிநாட்டுக்கு அனுப்புங்கள் என்று சக மாணவர்களோடு சேர்ந்து சபைத் தலைவர்களிடம் மனு கொடுத்தவர். 1813 ஜூலையில் ரங்கூனில், அதாவது நம் யாங்கோனில், வந்து இறங்கினார், 1834-ல் பர்மிய மொழியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தார். நம் தமிழுக்கு முதல் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சிட்டுத் தந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, அங்கே ஹாலேயில் படித்தவர், 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். வந்து சேர்ந்தபோது இருவருக்குமே இருபத்தைந்து வயது நிறையவில்லை. நம் வீட்டில் அந்த வயதுப் பையனை நம்பி சபைச் சாவியைக்கூடக் கொடுப்பதில்லை. ஜட்சன் பேரில் கட்டிய ஆலயம் இன்றும் யாங்கோன் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது. அந்தப் பக்கம் போகிற நம் பிள்ளைகள் ஒருதரம் உள்ளே போய் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வாருங்கள்.

சரி, நோக்கங்களுக்கு வருகிறேன். சுவிசேஷம் சொல்வது, விசுவாசத்தில் வளர்வது, ஐக்கியமாக வாழ்வது, சபைக்கும் நாட்டுக்கும் உழைப்பது என்று நான்காக எழுதி வைத்திருக்கிறோம். நான்கும் ஒரே அளவில் நடக்கவில்லை. இந்த வருடம் எங்களை அதிகம் உழைக்க வைத்தது முதலாவதுதான்.

தன்லியனில் நடக்கும் சனிக்கிழமை வேதபாடத்தைச் சொல்கிறேன். மாடி அறை, கரண்ட் பெரும்பாலும் இருக்காது, ஒரு சார்ஜ் விளக்கும் ரெண்டு போன் வெளிச்சமும்தான். இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி நடத்துகிறான். அவனுடைய பௌத்த நண்பன் டீக்கடையில் கேட்டிருக்கிறான்: "நீ செய்த பாவம் உன்னைத்தானே சேரும், இன்னொருவர் எப்படி அதை எடுத்துப்போட முடியும்?" தம்பி உடனே மனப்பாட பதில் எதையும் ஒப்பிக்கவில்லை. தெரியாது, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான். பிறகு அந்தச் சனிக்கிழமை மாற்கு இரண்டாம் அதிகாரத்தை எடுத்து, நான்கு பேர் கூரையைப் பிரித்து திமிர்வாதக்காரனை இறக்குகிற இடத்தை, பர்மியத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி வாசிக்க வைத்தான். ஒரு தங்கை கேட்டாள், நம் ஆட்களும் தன் வினை தன்னைச் சுடும் என்றுதானே சொல்கிறோம், அப்படியானால் அந்த நண்பன் சொல்வதில் தப்பென்ன என்று. ஒரு மணி நேரம் இதே பேச்சு. பாவத்துக்குப் பலன் உண்டு என்று வேதமும் சொல்கிறது, அந்தப் பலனை இயேசு தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பதுதான் சுவிசேஷம், உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது என்று அவர் திமிர்வாதக்காரனிடம் சொன்னதைத்தான் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்த வேதபாரகர் தேவதூஷணம் என்று நினைத்தார்கள் என்று அவர்களே வாசித்து அந்த இடத்துக்கு வந்தார்கள். பெரியவர்கள் நாங்கள் ஓரமாக உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த நண்பனும் அப்புறம் இரண்டொரு தடவை வந்து உட்கார்ந்தான். வந்தான், கேட்டான், அவ்வளவுதான் சொல்ல முடியும், மீதி ஆண்டவர் கையில்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையையும் பண உதவி, டியூஷன், வேலை என்று எதையாவது காட்டி இழுக்கக் கூடாது. மற்றவருடைய சாமியைக் கிண்டல் செய்யக் கூடாது. நம் தமிழ் இந்துக் குடும்பங்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள், பல பேர் சொந்தபந்தம். பயமுறுத்தியோ ஆசைகாட்டியோ வருவது விசுவாசம் ஆகாது.

வளர்ச்சி என்ற நோக்கத்தில் படிப்பையும் சேர்த்திருக்கிறோம். ஜெபக்கூட்டத்துக்கு வந்துவிட்டுப் பரீட்சையில் பிட் அடிக்கிற பிள்ளைக்கு நாம் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். வகுப்பில் பாடத்தை நேர்மையாகப் படிப்பதும் பக்கத்துப் பிள்ளைக்கு விளங்காததைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதும் சாட்சிதான். பரீட்சைக்கு முந்தின வாரங்களில் கூட்டம் வைக்காமல், சேர்ந்து படிக்க இடம் மட்டும் ஏற்பாடு செய்தோம். அது நல்ல முடிவு, தொடர வேண்டும்.

ஐக்கியம் சபை ஆகாது. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கர் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அவரவர் சபைக்குத்தான் போக வேண்டும், காணிக்கையும் அங்கேதான். மொழியிலும் பிடிவாதம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பாட்டு தமிழில், பேச்சு எந்த மொழியில் வருகிறதோ அதில்.

2025 மார்ச் 28 நிலநடுக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. 7.7 அளவில் மண்டலேயையும் சகாயிங்கையும் உலுக்கிப் போட்டது. திஞ்ஜான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் நடத்த இருந்த முகாமை விட்டுவிட்டு, அதற்கு வைத்திருந்த பணத்தை அரிசிக்கும் தார்ப்பாய்க்கும் கொடுக்கலாம் என்று சொன்னது மாணவர்களே. மூட்டை கட்டியதும் லாரியில் ஏற்றியதும் அவர்கள்தான், இந்து, பௌத்த நண்பர்களும் கூட நின்றார்கள்.

வீட்டு நிலைமைக்காகவும் நாட்டு நிலைமைக்காகவும் படிப்பைப் பாதியில் விட்டு வெளிநாடு போன பிள்ளைகள் பல பேர். தாய்லாந்திலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வெள்ளி இரவு போனில் ஜெபம் நடக்கிறது, லைன் அடிக்கடி அறுந்துபோகும், ஆனாலும் விடவில்லை. தாய்மார் யாருக்காவது பிள்ளையிடம் அந்த ஜெபத்துக்கான போன் நம்பரைச் சேர்க்க வேண்டுமானால் என்னிடம் சொல்லுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், தணிக்கை முடிந்துவிட்டது.

வரும் வருடத்துக்குக் கேட்பது இரண்டு. கிழக்கு டகோன் பக்கம் குடியிருக்கும் குடும்பங்களில் யாராவது சனிக்கிழமை மாலை ஒரு அறையைக் கொடுத்தால் அங்கேயும் வேதபாடம் தொடங்கலாம், டீ, பலகாரம் எதுவும் செய்ய வேண்டாம். இரண்டாவது, பணிக்குழுவில் மாணவர் இடங்களைப் பாதியாக உயர்த்தும் தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. பெரியவர்கள் ஆதரிக்க வேண்டும் என்று பணிக்குழு சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டவரின் பணியில்,
செயலாளர்