மாத்திரை தாமதமாக வருகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பிணிகளின் உணவு பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அது கர்ப்பம் உறுதியான நாளிலிருந்துதான் தொடங்குகிறது. என் ஆதங்கமெல்லாம் அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றியது.

கரு உருவாகி 28 நாளுக்குள், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. அப்போது கருவின் நீளமே சில மில்லிமீட்டர்தான். பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அந்தச் சமயத்தில்தான் உறைக்கும். என் தங்கைக்கு, அந்தக் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமில மாத்திரையை எட்டாவது வாரத்தில்தான் எழுதித் தந்தார்கள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "இதை எப்ப ஆரம்பிச்சிருக்கணும், அக்கா?" என்றாள். எனக்கு வாய் வரவில்லை. கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் என்பதுதான் பதில். நல்லவேளை, குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனாலும் பிரசவம் வரை அவள் பட்ட பயத்தை நான் கூட இருந்து பார்த்தேன்.

அப்புறம், பெண்ணின் தட்டை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. இன்று புகையையும் மதுவையும் விடும் ஆணுக்கு அதன் பலன் அதற்குப் பிறகுதான் முழுமையாகத் தெரியும். எடை மிகவும் குறைந்தாலும் கூடினாலும் கருமுட்டை வெளியாவது தடுமாறும் என்பதையும் திருமணமான புதிதிலேயே யாராவது சொல்ல வேண்டாமா?

அடுத்த கட்டுரையைக் குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகளுக்காக, இருவரையும் மனதில் வைத்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி