ஐந்தாவது வாரத்தில் கொட்டும் முடியைப் பற்றி: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்களிடம் முடி நட்டுக்கொண்டவர்களுக்கும், நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரண்டு வாரங்களாகக் கைபேசிகளில் சுற்றிவரும் அந்தப் படத்தை உங்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். சிலர் எனக்கே அதை அனுப்பி, "டாக்டர், இது நம் இடம்தானா?" என்று கேட்டீர்கள். நம் இடம்தான். அந்தத் தலையில் முடி நட்டவனும் நான்தான்.

"நட்டதெல்லாம் ஐந்தே வாரத்தில் கொட்டிவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று படத்தின் கீழே எழுதியிருக்கிறது. அவர் யார், அவருக்கு எத்தனை கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சிறு முடித் துணுக்கு) வைத்தோம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன். தன் தலையைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு, எனக்கு இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்றும் நான் சொல்லவில்லை. முடி கொட்டியது உண்மை. ஏமாற்றினோம் என்பதுதான் உண்மையில்லை. அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்மண்டையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கிராஃப்டிலும் ஒன்று முதல் நான்கு முடிகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் முடி வேறு, அதை உண்டாக்கும் வேர்ப்பை வேறு. நாங்கள் இடம் மாற்றுவது வேர்ப்பையை. முடி அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். எடுப்பதற்கும் நடுவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் வேர்ப்பைக்கு இரத்த ஓட்டம் கிடையாது. நட்ட பிறகும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சுற்றியுள்ள திசு நீரை உறிஞ்சித்தான் அது உயிர்வாழ்கிறது. பிறகே புதிய நுண்குழாய்கள் வந்து சேர்கின்றன. இந்த அதிர்ச்சியில் வேர்ப்பை வளர்ச்சியை நிறுத்திவிட்டு ஓய்வுக்குப் போய்விடுகிறது, பிடித்திருந்த முடியைக் கைவிடுகிறது. பொதுவாக இரண்டாவது வாரத்தில் தொடங்கி எட்டாவது வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி இப்படி விழுந்துவிடும். பிடுங்கி நட்ட நாற்று முதலில் வாடி, பிறகு பச்சை பிடிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணமாகவே நம் தலையில் ஒவ்வொரு முடியும் இரண்டிலிருந்து ஆறு ஆண்டு வளர்ந்து, பின் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வெடுத்து, விழுந்து, மறுபடி முளைக்கிறது. நட்ட முடிகள் எல்லாம் ஒரே நாளில் ஓய்வுக்குப் போகின்றன என்பதுதான் இங்கே வேறுபாடு. ஆகவே மூன்றாவது நான்காவது மாதத்தில்தான் புதியது தலைகாட்டும். முதலில் மெலிதாக, சில சமயம் சுருண்டு வரும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வதால் ஆறாம் மாதத்தில் பாதி பலன்தான் தெரியும். முன்நெற்றிக்கு ஓராண்டு ஆகும். உச்சிக்கு ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம்.

படத்தில் அவர் உள்ளங்கையில் உதிர்ந்த முடிகளை வைத்துக் காட்டியிருக்கிறார். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக ஒரு சிறு குமிழ். "வேரோடு வந்துவிட்டது" என்று பார்ப்பவர்கள் எல்லாரும் பதறுகிறார்கள். அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போன எந்த முடியும் அந்தக் குமிழோடுதான் விழும். இன்று காலை உங்கள் சீப்பில் சிக்கிய முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அதிலும் இருக்கும். வேர்ப்பை தோலுக்குள்தான் இருக்கிறது. உண்மையிலேயே கிராஃப்ட் பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இரத்தம் கசியும். அப்படி நேர்வது முதல் சில நாட்களில்தான், ஐந்தாவது வாரத்தில் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நட்ட இடத்தில் ஏற்கெனவே இருந்த சொந்த முடியும் இதே அதிர்ச்சியில் உதிரக்கூடும். அதனால் இரண்டாவது மாதத்தில் கண்ணாடியைப் பார்த்தால், அறுவைக்கு முன்பு இருந்ததைவிட மோசமாகத் தெரியலாம். அதில் பெரும்பாலானவை சில மாதங்களில் திரும்பிவிடும். முன்பே மெலிந்துகொண்டிருந்தவற்றில் சில திரும்பாமலும் போகும். வைத்த கிராஃப்ட் அத்தனையும் பிடிக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. எந்த மருத்துவராலும் கொடுக்க முடியாது. மாற்றி நட்ட முடி, பின்மண்டையில் இருந்தபோது கொண்டிருந்த குணத்தைப் புதிய இடத்திலும் விடாது என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959இல் எழுதினார். இந்தச் சிகிச்சை முழுவதும் அந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. ஆனால் நடப்படாத முடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் வழுக்கை அதன் போக்கில் தொடரும். மருந்தைப் பற்றி நான் மறுபடி மறுபடி பேசுவது அதனால்தான்.

இதையெல்லாம் அந்தப் படத்தைப் போட்டவரிடம் சொன்னோமா? சொன்னோம். அவர் கையொப்பமிட்ட எட்டுப் பக்கக் கையேட்டில் இருக்கிறது. இதை ஆயிரம் முறை என் வீட்டில் சொல்லிக்காட்டியும்விட்டேன். ஆனால் கையேட்டை எடுத்து நானே வாசித்தபோது, உதிர்வைப் பற்றிய பகுதி ஆறாவது பக்கத்தில் நான்கு வரியாக இருந்தது. அதையும் அறுவை நாள் மாலையில் கொடுத்திருக்கிறோம். ஏழெட்டு மணி நேரம் படுத்திருந்து, மயக்க மாத்திரையின் அசதி தீராமல், கட்டுப் போட்ட தலையோடு எழுந்து நிற்பவர் ஆறாவது பக்கத்தைப் படிப்பாரா? அந்தத் தவறு எங்களுடையது, வருந்துகிறேன். இனிமேல் உதிர்வைப் பற்றிய விளக்கம் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், அறுவைக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் கைக்கு வரும். இருபதாவது நாள் நானே உங்களைத் தொலைபேசியில் அழைப்பேன்.

"வேலை முடிந்ததும் கண்டுகொள்ளவில்லை" என்றும் சிலர் அதே படத்தின் கீழே எழுதியிருக்கிறார்கள். முதல் தலைக்கழுவலை உங்களுக்குச் செய்துகொடுத்த எங்கள் மூத்த செவிலியரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடும்பக் காரணத்தால் இரண்டு மாதம் முன்பு அவர் விலகினார். இரவு பத்து மணிக்கும் உங்கள் அழைப்பை எடுத்தவர் அவர்தான். அவருடைய இடத்தை நிரப்ப எங்களால் இன்னும் முடியவில்லை. ஆகவே அடுத்த மாதத்திலிருந்து முதல் கழுவல் மட்டுமே இங்கே, மற்றவை வீட்டில்; ஆறாம் மாதத்துக்குப் பிந்தைய வருகைகளுக்கு ஒரு சிறு கட்டணமும் உண்டு. அவசரம் என்றால் எந்த நேரத்திலும் என்னை அழைக்கலாம், அதில் மாற்றம் இல்லை.

வீட்டில் கழுவ வேண்டியிருப்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். குழாய் நீரோ ஷவரோ நேராக நட்ட இடத்தில் விழக் கூடாது. வெதுவெதுப்பான நீரைக் கோப்பையில் மொண்டு மெல்ல ஊற்றுங்கள். ஷாம்புவைக் கையில் நுரையாக்கி, நுரையை மட்டும் தலையில் வையுங்கள். முதல் வாரத்தில் தேய்ப்பு என்பதே கிடையாது. துடைக்கும்போதும் துணியை ஒற்றி எடுங்கள். கிராஃப்டைச் சுற்றிக் கட்டும் பொருக்குதான் இந்த நாட்களில் பெரிய ஆபத்து. முடி நடும் மருத்துவர்களான ராபர்ட் பெர்ன்ஸ்டைனும் வில்லியம் ராஸ்மனும் 2006இல் இதையே ஆராய்ந்து வெளியிட்டார்கள். முதல் ஐந்து நாட்களில் பொருக்கைப் பிய்த்தால் கிராஃப்டும் கூடவே வந்துவிடுகிறது, நாளாக ஆக அந்த ஆபத்து குறைகிறது, ஒன்பதாம் நாளுக்குப் பிறகு கிராஃப்ட் அசைவதில்லை. பொருக்கைப் பத்து நாள் பிய்க்காதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்வது இந்தக் கணக்கில்தான். எட்டாம் நாளிலிருந்து நுரையைச் சற்று நேரம் ஊறவிட்டு, விரல்நுனியின் சதைப்பகுதியால் மெல்ல வட்டமிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் பொருக்கு தானாகக் கழன்றுவிடும். நகம் மட்டும் வேண்டாம். அரிப்பு தாங்க முடியாமல் தூக்கத்தில் சொறிந்துவிட்டேன் என்று அழைத்தவர்கள் உண்டு. அரித்தால் உப்புநீரைத் தெளியுங்கள், அடங்கும்.

முதல் நான்கைந்து இரவுகள் தலையை உயர்த்தி, சாய்ந்த நிலையில் மல்லாந்து தூங்குங்கள். இல்லையென்றால், மரத்துப்போக ஊசியில் ஏற்றிய நீர் நெற்றிக்கும் இமைக்கும் இறங்கி முகம் வீங்கும். மூன்றாம் நான்காம் நாளில் கண் திறக்க முடியவில்லை என்று பயந்துவிடாதீர்கள், ஒரு வாரத்தில் வடிந்துவிடும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவற்றைக் கேட்காமல் எடுக்காதீர்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக அதை நிறுத்தவும் கூடாது. புகைப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: நிக்கோட்டின் இரத்தக் குழாயைச் சுருக்குகிறது, புதிய குழாய்க்காகக் காத்திருக்கும் வேருக்கு அதைவிடக் கேடு இல்லை. வியர்க்க வியர்க்க உடற்பயிற்சியும் இறுக்கமான தலைக்கவசமும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். நீச்சலுக்கு ஒரு மாதம் ஆகட்டும்.

தலையில் சில இடங்கள் மரத்துப்போயிருப்பதும், இரண்டாம் மூன்றாம் மாதத்தில் சிறு பருக்கள் எழும்புவதும் வழக்கமானவையே. ஆனால் வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடினால், சீழ் வடிந்தால், காய்ச்சல் வந்தால், தோல் எங்காவது கறுத்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரத்தம் கசிந்தால் சுத்தமான காஸ் துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னை அழையுங்கள்.

இந்த இரண்டு வாரங்களில் நான் கேட்காமலேயே தங்கள் ஐந்தாவது வாரப் படத்தையும் ஓராண்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கு அனுப்பியவர்கள் பலர். ஒருவர் எழுதியிருந்தார்: "நானும் அந்த மாதம் அழுதேன் டாக்டர், உங்களிடம்தான் சொல்லவில்லை." அதைப் படித்த பிறகுதான் அந்தப் படத்தைப் போட்டவர் மேல் எனக்கிருந்த கோபம் தணிந்தது. அவரும் ஒரு மாதமாக அழுதுகொண்டிருந்திருப்பார், எங்களிடம் சொல்லவில்லை. உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. முடி நட்டுக்கொண்டதை வெளியே சொல்லவே தயங்குவோர் பலர். எங்களுக்காக உங்கள் முகத்தைக் காட்ட முன்வந்ததை நான் மறக்க மாட்டேன்.

மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், தலை காய்ந்திருக்கும்போது ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் தேடாதீர்கள், தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது.

அந்த அன்பருக்கும் இந்த மடல் வந்து சேரும் என்று நம்புகிறேன். ஐயா, நான்காம் மாதத்தில் வாருங்கள். உருப்பெருக்கிக் கருவியை வைத்து உங்கள் முன்நெற்றியை இருவரும் சேர்ந்தே பார்ப்போம். முளைத்திருந்தால் படத்தை நீக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. ஓராண்டு கழிந்தும் முளைக்கவில்லை என்றால், அடுத்து என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசுவோம். உங்களிடம் கட்டணம் எதுவும் வாங்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்